மே இல்லை, ஜூன் இல்லை

காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கோப்பி, நாளிதழ், கூராகச் சீவிய பென்சில் மூன்றும் தயாராக இருக்கும். துறைமுகத்தில் 31 ஆண்டுகள் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்ற அப்பா, தலைப்புச் செய்தியைக்கூடப் பார்க்காமல் நேராகப் புதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுவார். அன்றைய சுடோக்குவை முடித்த பிறகுதான் குளியல், சாமி கும்பிடுவது, பசியாறுவது எல்லாம்.

வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் அம்மா இதைப் பெருமையாகச் சொல்வார். “இவருக்கு எங்கேயிருந்து மறதி வரும்? தினமும் மூளைக்கு வேலை கொடுக்கிறாரே!” நானும் அதை நம்பினேன். வானொலியில் பேசுவது என் தொழில். காலை நிகழ்ச்சியில், ‘மறதியைத் தள்ளிப்போட தினம் ஒரு புதிர்’ என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். யாரும் எழுதிக் கொடுத்து வாசித்ததில்லை. நானே எங்கோ படித்து, நானே நம்பிச் சொன்னது.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் அப்பா நகர மன்றக் கட்டணத்தை ஒரே மாதத்தில் இரண்டு முறை கட்டினார். சிரித்தோம். சில வாரங்கள் கழித்து, இருபது ஆண்டுகளாக ஏறி இறங்கும் பேருந்தில் எதிர்த்திசையில் போய்விட்டார். தூங்கிவிட்டேன் என்றார். அண்ணன் எப்போது வருவான் என்று ஒரே மாலையில் நான்கு முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் எங்களுக்கு ஒரே பதில் கைவசம் இருந்தது. காலையில்தானே சுடோக்கு போட்டார், அவருக்கு ஒன்றும் இருக்காது.

அந்தப் பதிலை நம்பி மருத்துவரிடம் போகாமல் பதினோரு மாதங்களைக் கடத்தினோம். போனபோது, லேசான அறிவாற்றல் குறைபாடு என்றார்கள். முதுமை மறதி நோய்க்கு முந்திய கட்டமாக இருக்கலாம், அப்படியே நின்றுவிடவும் கூடும் என்று விளக்கினார்கள். “தினமும் சுடோக்கு போடுவாரே டாக்டர்” என்று நான் ஒரு சான்றிதழை நீட்டுவதுபோலச் சொன்னேன். பல ஆண்டுகள் பழகிய ஒரு திறன் நீண்ட நாள் கையோடு இருக்கக்கூடும், அதை வைத்து மற்றவை நன்றாக இருக்கின்றன என்று முடிவுகட்ட முடியாது என்றார் அவர்.

அன்று இரவு எனக்குப் புதிர்கள் மீதே கோபம் வந்தது. கோபம் கொஞ்சம் அடங்கிய பிறகு, இத்தனை நாள் ஒலிவாங்கியின் முன் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். இதை எழுத அப்பாவிடம் அனுமதி கேட்டேன். “எழுது பாப்பா, ஆனா என் பேரைப் போடாதே” என்றார்.

ஆய்வுகள் சொல்வதும் விளம்பரங்கள் சொல்வதும்

நம் காதில் அடிக்கடி விழும் நல்ல செய்திக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. பிரிட்டனின் எக்சிட்டர் பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் 50 வயதைத் தாண்டிய 19,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2019ல் வெளிவந்தது. எண் புதிர்களை அடிக்கடி போடுபவர்கள் கவனம், நினைவாற்றல், தர்க்கச் சிந்தனை ஆகியவற்றுக்கான சோதனைகளில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். உலகம் முழுவதும் செய்தித்தாள்கள் கொண்டாடின. நானும் வானொலியில் சொன்னேன்.

ஆனால் அதில் ஒரு முடிச்சு உண்டு. புதிர் போட்டதால் மூளை கூர்மையானதா, மூளை கூர்மையாக இருந்ததால் புதிர் பிடித்துப்போனதா? ஒரே நேரத்தில் எடுத்த படத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கூடைப்பந்து ஆடுபவர்கள் உயரமாக இருக்கிறார்கள் என்பதற்காக, பந்து உயரத்தைக் கொடுத்தது என்று சொல்ல மாட்டோம் அல்லவா?

இந்த முடிச்சை அவிழ்க்க ஓர் அபூர்வமான வாய்ப்பு ஸ்காட்லாந்தில் கிடைத்தது. அங்கு 1947ல், 1936ஆம் ஆண்டு பிறந்த பிள்ளைகளுக்கு நாடு முழுவதும் ஓர் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைகளில் 498 பேரை, அவர்கள் அறுபதுகளின் நடுவில் இருந்தபோது அபர்டீனில் ஆய்வாளர்கள் மீண்டும் தேடிப் பிடித்து, 15 ஆண்டுகள் வரை திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். சிறுவயது மதிப்பெண் கையில் இருந்ததால், இயல்பிலேயே கெட்டிக்காரரா என்ற கேள்வியைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது. 2018 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த முடிவு இதுதான்: புதிர், சிந்தனைச் சவால் போன்றவற்றில் வாழ்நாள் முழுவதும் ஈடுபட்டவர்கள் முதுமையைத் தொடங்கும்போது உயர்ந்த நிலையில் இருந்தார்கள். ஆனால் அதன் பிறகு இறங்கிய வேகம் மற்றவர்களுடையதைப் போலவேதான் இருந்தது.

வங்கிச் சேமிப்பை நினைத்துக்கொண்டால் எனக்கு இது எளிதாகப் புரிந்தது. இளமையில் நிறையப் போட்டவரிடம் ஓய்வுபெறும் நாளில் கூடுதலாக இருக்கும். மாதா மாதம் இருவரும் ஒரே தொகையை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆனாலும் தொகை கூடுதலாக இருப்பவருக்குக் கை கடிக்கும் நாள் தள்ளித்தான் வரும். மூளை விஷயத்தில் அந்தச் சேமிப்பு சிறிய பேறு இல்லை. பிரச்சினை என்னவென்றால், அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘தடுக்கும்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அப்படிச் சொல்லி விற்றதற்காக அபராதம் கட்டியவர்களும் இருக்கிறார்கள். லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியை நடத்திய அமெரிக்க நிறுவனம், மறதி நோயைத் தள்ளிப்போடும் என்ற வகையில் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள 2016ல் இரண்டு மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, பிபிசி தொலைக்காட்சியுடன் சேர்ந்து 11,430 பேரிடம் ஆறு வாரம் நடத்திய சோதனை நேச்சர் இதழில் வந்திருந்தது. பயிற்சி செய்த விளையாட்டில் எல்லாரும் தேறினார்கள். பயிற்சி செய்யாத வேறு வேலைகளுக்கு அந்தத் தேர்ச்சி நகரவில்லை.

இத்தனையையும் படித்துச் சோர்ந்திருந்தபோது ஒன்று மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைத்தது. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,800க்கும் அதிகமானோரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு நினைவாற்றல் பயிற்சியும் இன்னொரு குழுவுக்குத் தர்க்கப் பயிற்சியும் கொடுத்தார்கள். வேகமாகக் கவனிக்கும் பயிற்சி பெற்ற குழுவும், பயிற்சியே இல்லாத குழுவும் இருந்தன. தர்க்கப் பயிற்சி என்றால், எழுத்துகளும் சொற்களும் வரும் வரிசையில் அடுத்தது என்ன என்று கண்டுபிடிப்பது போன்றது. சுமார் பத்து அமர்வுகள்தான். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நினைவாற்றல் பயிற்சியின் பலன் கரைந்துபோயிருந்தது. தர்க்கப் பயிற்சியின் பலன், தர்க்கச் சோதனைகளில் மட்டும் என்றாலும், இன்னும் தெரிந்தது. 2014ல் வந்த முடிவு இது.

மனப்பாடம் நிற்கவில்லை, வழிமுறை நின்றது. இதை நான் அப்போது கவனித்துப் படிக்கவில்லை. பிறகுதான் அதன் பொருள் உறைத்தது. அதற்குக் காரணம் செரில்.

செரிலின் பிறந்தநாள்

பத்து ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரை உலகம் முழுவதும் பேச வைத்த ஒரு கணக்கு நினைவிருக்கிறதா? 2015 ஏப்ரலில், பள்ளி மாணவர்களுக்கான கணித ஒலிம்பியாட் போட்டி ஒன்றில் வந்த கேள்வியை உள்ளூர்த் தொலைக்காட்சிப் படைப்பாளர் ஒருவர் ஃபேஸ்புக்கில் போட்டார். சில நாள்களில் லண்டன், நியூயார்க் செய்தித்தாள்கள் வரை அதைப் பற்றித்தான் பேச்சு. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இப்படியா என்று முதலில் பதறினார்கள். உண்மையில் அது உயர்நிலை மாணவர்களுக்கான கேள்வி.

ஆல்பர்ட்டும் பெர்னார்டும் செரிலின் பிறந்தநாளைக் கேட்கிறார்கள். செரில் பத்துத் தேதிகளைக் கொடுக்கிறாள். மே 15, 16, 19. ஜூன் 17, 18. ஜூலை 14, 16. ஆகஸ்ட் 14, 15, 17. பிறகு ஆல்பர்ட்டின் காதில் மாதத்தை மட்டும் சொல்கிறாள். பெர்னார்டின் காதில் நாளை மட்டும் சொல்கிறாள்.

ஆல்பர்ட் சொல்கிறான்: எனக்குத் தெரியாது, ஆனால் பெர்னார்டுக்கும் தெரியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பெர்னார்ட் சொல்கிறான்: முதலில் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது. உடனே ஆல்பர்ட்: அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது. செரிலின் பிறந்தநாள் எப்போது?

போட்டுப் பார்க்க விரும்புபவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைக் கையால் மறைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் 18, 19 இரண்டும் ஒரே ஒருமுறைதான் வருகின்றன. பெர்னார்டின் காதில் 18 விழுந்திருந்தால் ஜூன் என்றும், 19 விழுந்திருந்தால் மே என்றும் அவன் உடனே கண்டுபிடித்திருப்பான். பெர்னார்டுக்குத் தெரியாது என்று ஆல்பர்ட் அடித்துச் சொல்கிறான். அவனுக்குத் தெரிந்தது மாதம் மட்டும். ஆகவே அந்த மாதத்தில் 18ம் இல்லை, 19ம் இல்லை. மே போயிற்று, ஜூன் போயிற்று.

மிச்சம் ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. இப்போது தெரிந்துவிட்டது என்கிறான் பெர்னார்ட். அவனிடம் இருப்பது 14 என்றால் ஜூலையா ஆகஸ்டா என்று குழம்பியிருப்பான். எனவே 14 இல்லை. மிச்சம் ஜூலை 16, ஆகஸ்ட் 15, 17. எனக்கும் தெரிந்துவிட்டது என்று ஆல்பர்ட் சொல்ல வேண்டுமானால், அவனிடம் இருக்கும் மாதத்தில் ஒரே ஒரு தேதி மிஞ்சியிருக்க வேண்டும். ஜூலை 16.

சென்ற ஆண்டு எங்கள் செவ்வாய்க்கிழமைப் புதிர் நேரத்தில் இதைச் சொன்னேன். குறுஞ்செய்திகள் குவிந்தன. பெரும்பாலானவை நேராக ஒரு தேதி, பாதிக்குமேல் தவறானவை. அழைத்தவர்களில் ஒரு டாக்சி ஓட்டுநர் அண்ணன், பயணி இறங்கிய இடைவெளியில் பேசினார்.

“விடை தெரியலம்மா. ஆனா மே இல்ல, ஜூன் இல்ல. அது வரைக்கும் தெரியும்.”

நேரலையில் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். பாட்டு ஓடும்போது, அன்று காலையில் வந்த பதில்களிலேயே அதுதான் நேர்மையானது என்று பட்டது. நம்மில் பலருக்கு ‘தெரியும்’, ‘தெரியாது’ என்ற இரண்டு பெட்டிகள்தான். பள்ளியிலிருந்தே பழக்கம். கை தூக்கினால் விடை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். இந்தப் புதிரோ அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டுமே நகர்கிறது. ஒருவன் தனக்குத் தெரியாததை வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்வதால்தான் மற்றவனுக்கு விடை கிடைக்கிறது. ஆல்பர்ட் கௌரவம் பார்த்துச் சும்மா இருந்திருந்தால் இருவரும் இன்றுவரை அங்கேயே நின்றிருப்பார்கள்.

பழைய செய்தித்தாள் கட்டு

மருத்துவரைப் பார்த்து வந்த இரண்டாவது வாரம், பழைய செய்தித்தாள் எடுப்பவருக்குக் கொடுப்பதற்காகச் சேமிப்பறையில் இருந்த கட்டை இழுத்தேன். சுடோக்குப் பக்கம் மேலே தெரிந்தது. அழகாக நிரப்பியிருந்தது. அடுத்த நாளுடையதும் அப்படியே. ஆனால் கட்டங்களில் காகிதம் மெலிந்து, சில இடங்களில் கிழிந்தே போயிருந்தது. அழித்து அழித்து எழுதிய தடம். அதன்மேல் எழுதிய எண்கள் மட்டும் ஒரே அழுத்தத்தில், ஒரே சீராக, ஒரு தயக்கமும் இல்லாமல் இருந்தன.

அந்த நாளிதழில் முதல் நாள் புதிரின் விடை மறுநாள் வரும். அப்பா மறுநாள் விடையைப் பார்த்து முதல் நாள் கட்டத்தை நிரப்பியிருக்கிறார். எட்டு மாதமாக.

கட்டைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது, எங்கள் எல்லாரையும்விட முதலில். தினமும் சுடோக்கு போடுகிறார் என்று அம்மா வந்தவரிடமெல்லாம் சொன்னது, என் வானொலிப் பேச்சு எல்லாமாகச் சேர்ந்து, ‘முடியவில்லை’ என்ற ஒரு சொல்லை அவர் வீட்டுக்குள் சொல்ல முடியாமல் செய்திருக்கின்றன.

மனநலக் கழகம் இங்குள்ள மூத்தோரிடம் நடத்திய ஆய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்டோரில் முதுமை மறதி நோய் உள்ளவர்கள் 2013ல் பத்து விழுக்காடாக இருந்து 2023ல் 8.8 விழுக்காடாகக் குறைந்திருக்கிறார்கள். கல்வி கூடியது உள்ளிட்ட காரணங்களைச் சொல்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் அதே ஆய்வில், நோய் இருந்தும் கண்டறியப்படாமல் இருப்பவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு செய்தித்தாள் கட்டு இருக்குமோ.

பின்னால் போகவும் தெரிய வேண்டும்

அப்பாவோடு மீண்டும் புதிர் போடலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. அவரே கேட்டார். சுடோக்கு வேண்டாம், வேறு ஏதாவது என்றார். முதலில் கையில் எடுத்தது, பாட்டி அவருக்குச் சொல்லி, அவர் எனக்குச் சொன்ன புலி, ஆடு, புல்லுக்கட்டு. படகில் ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆளில்லாமல் விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று இதே கதை உலவுகிறது.

இந்தப் புதிரில் சிறுபிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்வார்கள். அக்கரை சேர்த்த ஆட்டைத் திரும்ப இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும். சேர்த்ததைத் திரும்ப எடுப்பதா என்று மனம் ஒப்பாது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் அண்ணன் மகளும் அங்கேதான் நின்றாள். “கொண்டுபோனதை ஏன் தாத்தா திரும்பக் கொண்டுவரணும்? அது தப்பு.” அப்பா துறைமுகத்துக் கதையைத் தொடங்கினார். கப்பலில் கொள்கலன்களை அடுக்கும்போது முதலில் இறங்க வேண்டியது மேலே இருக்க வேண்டும். சில நேரம் ஓர் அடிப்பெட்டியை எடுக்க மேலே இருக்கும் மூன்றையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, திரும்ப அடுக்க வேண்டும். “அது தப்பில்லம்மா, அதான் வேலையே.” நேற்று மாலை சாப்பிட்டது அவருக்கு நினைவிருக்காது. இதைத் தங்குதடையில்லாமல் சொன்னார்.

நம் முன்னாள் பிரதமர் லீ சியன் லூங், தாம் சுடோக்குப் புதிரைப் போட ஒரு கணினி நிரல் எழுதியதாக 2015ல் சொன்னதோடு அதை எல்லாரும் பார்க்க வெளியிட்டார். அதுவும் இந்த ஆட்டுப் படகுதான். ஓர் எண்ணை வைத்துப் பார்க்கும், முட்டிக்கொண்டால் பின்வாங்கும், வேறொன்றை வைக்கும். கணினிக்குப் பின்வாங்க வெட்கமில்லை.

மனிதன் சுடோக்கு போடும் முறை கொஞ்சம் வேறு. ஒவ்வொரு கட்டத்துக்கும் எது வராது என்று கழித்துக் கழித்து வருகிறோம். ‘இங்கே 4 இருக்கும்போல’ என்று பொறுமையிழந்து ஒன்றை எழுதினால், இருபது கட்டம் தாண்டிய பிறகுதான் அந்தத் தவறு முகத்தில் அடிக்கும். அவசர எண்ணத்தை அடக்குவது, இரண்டு மூன்று சாத்தியங்களை ஒரே நேரத்தில் மனதில் தாங்குவது, தவறு தெரிந்ததும் எங்கே தடம் மாறினோம் என்று திரும்பிப் போவது, இவைதான் அங்கே நடக்கும் உழைப்பு. எண்கள் வெறும் சாக்கு. எண்ணுக்குப் பதில் ஒன்பது பழங்களை வரைந்தாலும் புதிர் மாறாது. கணக்கு வராது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெயர் ஜப்பானியம் என்பதால் பிறப்பும் ஜப்பான் என்று நினைத்திருந்தேன். இல்லை. 1979ல் அமெரிக்கப் புதிர் இதழ் ஒன்றில் வந்ததுதான் தொடக்கம். அதை உருவாக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் என்பது பொதுவான கருத்து. 1984ல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் எடுத்துப் பெயர் சூட்டியது. 1997ல் தோக்கியோ புத்தகக் கடையில் இதைப் பார்த்த வேய்ன் கோல்ட் என்ற ஓய்வுபெற்ற ஹாங்காங் நீதிபதி, ஆறு ஆண்டுகள் உட்கார்ந்து புதிர் தயாரிக்கும் நிரல் எழுதி, 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் நாளிதழில் வரவைத்தார். ஓய்வுபெற்ற இரண்டு பேர் இல்லாவிட்டால் உலகத்துக்கு இந்தப் பொழுதுபோக்கு இல்லை என்றதும் அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

எனக்கும் இதில் பங்கு உண்டு. அதிகாலை நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் ரயிலில் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போவேன். ஏழு நிறுத்தங்கள் கடந்தும் என்ன பார்த்தேன் என்று தெரியாது. மனம் மட்டும் கனத்துப்போயிருக்கும். இப்போது ஒரு சிறு தர்க்கப் புதிர்ப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். நான்கு நிபந்தனைகளை ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும் மனதில், அப்பாவின் அடுத்த பரிசோதனை பற்றிய கவலைக்கு இடம் போதுவதில்லை. பதினைந்து நிமிடம்தான், ஆனாலும் போதும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையைத் தர்க்கப் புதிர்த் துணைப்பாட வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள். மதிப்பெண் போட ஆரம்பித்த மறுநிமிடம் மீண்டும் ‘தெரியும்’, ‘தெரியாது’ பெட்டிகள் வந்துவிடும். மூத்தோருக்கும் அதேதான். ஒரு வகைப் புதிர் கைப்பழக்கமாகி, யோசிக்காமலே ஓடத் தொடங்கிவிட்டால் அது நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான். வேறு வகைக்கு மாறிப் பாருங்கள். நடப்பதையும், காது சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பதையும், ரத்த அழுத்த மாத்திரையையும் புதிருக்காக விட்டுவிட வேண்டாம். முக்கியமாக, வீட்டில் யாராவது வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால், அவர் எத்தனை கட்டம் நிரப்பினாலும் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். பதினோரு மாதம் காத்திருக்காதீர்கள்.

சனிக்கிழமைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கல்மேசையில் அப்பாவும் அண்ணன் மகளும் உட்கார்கிறார்கள். ஒரு புதிர், ஒரு பென்சில், மாறி மாறி ஒரு கட்டம். விதி ஒன்றே ஒன்று, அவள் வைத்தது. விடை தெரியாவிட்டால், எது விடை இல்லை என்றாவது சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் அப்பா சும்மா இருந்தார். மூன்றாவது வாரம், “எனக்குத் தெரியலம்மா. ஆனா 7 இல்ல” என்றார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஓகே தாத்தா, அப்ப 2 இல்லாட்டி 9” என்று எழுதிக்கொண்டாள்.

சென்ற மாதம் இரண்டாவது பரிசோதனைக்குப் போனோம். தமிழ் பேசும் தாதி ஒருவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இது எந்த மாதம், எந்த மாடியில் இருக்கிறோம். மாதத்தைச் சரியாகச் சொன்னார். பிறகு, இன்று என்ன கிழமை?

முதல் முறை இதே கேள்விக்கு அவர் சட்டென்று ஏதோ ஒரு கிழமையைச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தது நினைவிருக்கிறது.

“தெரியலம்மா” என்றார் அப்பா. தாதி எழுதக் குனிந்தார். “இருங்க. சனி, ஞாயிறு இல்ல, அன்னிக்கு பேத்தி வருவா. நேத்து காலையில இவ ரேடியோவில புதிர் போட்டா. அது செவ்வாய்க்கிழமைதான் போடுவா. அப்ப இன்னிக்குப் புதன்.”

தாதி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். புதன்தான் என்று தலையாட்டினேன். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். மதிப்பெண் கொடுத்தாரா இல்லையா என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.